ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற பாப்பாவுக்கு

பெரம்பூர், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்றிலிருந்து நாலு தடவை பார்த்துவிட்டேன். பெர்லினில், எஸ்ஓ36-க்குள் என் மகள் நிற்கிறாள். 1978-ல் திறந்த பங்க் இசை அரங்கு அது. அந்தப் பகுதியின் பழைய தபால் எண்தான் அரங்குக்குப் பேர் என்று தெரிந்த அன்றைக்கு, பெரம்பூரில் ஒரு மேடை கட்டி ‘மெட்ராஸ் 11’ என்று பேர் வைத்தால் எப்படி இருக்கும் என்று உன் சித்தப்பாவும் நானும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு அந்த வாசல் வழியாக நீ உள்ளே போய்விட்டாய். அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கும் சந்தோஷம்.

ஆனால் வீடியோ முடிகிற நேரத்தில் நீ போனை உன் பக்கம் திருப்பினாய் பார், அப்போதுதான் கவனித்தேன். உன் தோளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். உன் காதில் அடைப்பான் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று முடித்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு இந்த பங்க் பைத்தியம் பிடித்தது பத்தொன்பது வயதில். கப்பலில் வேலை பார்த்த மாமா பையன் ஒரு கேசட் கொண்டுவந்தான். ரமோன்ஸ் என்கிற அமெரிக்க பங்க் பாண்டின் முதல் ஆல்பம், 1976-ல் வந்தது. பதினாலு பாட்டு, மொத்தமாக அரை மணி நேரம்கூட இல்லை. பாட்டி காபி ஆற்றி முடிப்பதற்குள் ரெண்டு பாட்டு முடிந்திருக்கும். எங்கள் தெருவில் பாட்டு என்றால் ஒன்று சபாவில் பாடுகிற பாட்டு, இல்லையென்றால் சினிமாப் பாட்டு. ரெண்டுக்கும் நமக்கும் நடுவில் பெரிய படிக்கட்டு இருந்தது. இந்த கேசட்டில் படிக்கட்டே இல்லை. பின்தெரு ஆங்கிலோ இந்தியன் வீட்டு அண்ணன் கிடாரை மடியில் வைத்து, ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற ‘கார்டு’ மூன்றைக் காட்டினார். ‘இவ்வளவுதான்டா, மீதியெல்லாம் வேகம்’ என்றார்.

அப்புறம் எனக்கே ஒன்று தோன்றியது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சாவு வீடுகளில் ராத்திரி முழுக்கப் பாடுகிற கானாவும் இதே இனம்தான். எந்த குருவும் வேண்டாம், தெருவில் பேசுகிற பேச்சே போதும். சொல்ல வந்ததை நெஞ்சில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பாட்டைக் கொடுத்துவிடுவார்கள். பங்க் என்பதை வெளியூர் சரக்கு என்று நான் ஒருநாளும் நினைக்காததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஊரில் பங்க் வாசிக்க ஆள் கிடையாது. கல்லூரி விழாக்களில் போட்டி நடக்கும், வருகிற பையன்கள் டீப் பர்ப்பிள், அயர்ன் மெய்டன், மெட்டாலிகா என்று பெரிய ராக் பாண்டுகளின் பாட்டுகளை வாசிப்பார்கள். யார் விரல் வேகம் என்பதுதான் பேச்சு. பரவாயில்லை என்று எல்லாவற்றுக்கும் போனேன். ஜனவரியில் ஐஐடி விழா வந்துவிட்டால் 29சி-யில் ஏறி அடையாறில் இறங்கி, மத்திய கைலாஷ் வழியாக நடப்பேன். அப்போது அந்த விழாவுக்கு மார்டி கிரா என்று பேர், 1996-ல்தான் சாரங் ஆனது. திறந்தவெளி அரங்கின் கல் படிகளில் ஆயிரக்கணக்கில் பசங்கள். திரும்பி வரும்போது சாலை ஓரத்தில் மான்கள் தலை தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசி பஸ் போயிருக்கும். டீக்கடை பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்து, முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, தாத்தாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு குளித்துவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறேன். அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் உடம்பில் சூடு ஏறுகிறது.

எனக்கு நிஜமாகப் பிடித்தது சின்ன இடங்கள்தான். நீ கைக்குழந்தையாக இருந்ததற்கு அப்புறம், அடையாறு அன்வைண்ட் சென்டரில் வாரக் கடைசியில் பாண்டுகள் வாசிக்கும், ஜூன் மாதம் ‘ஜூன் ராக் அவுட்’ நடக்கும். சில நாள் கூட்டம் நாற்பது பேரைத் தாண்டாது. அதில் பாதிப் பேர் அடுத்து வாசிக்கக் காத்திருக்கும் பசங்கள். வாசித்து முடித்தவன் வியர்வையோடு இறங்கி என் பக்கத்தில் நின்று அடுத்தவனுக்குக் கை தட்டுவான். ஸ்க்ராட் பாண்டு மாதிரி நம்ம ஊர்ப் பசங்கள் மூன்றே பேர் நின்று அந்த வேகத்தில் வாசித்தபோது, பதினைந்து வருடமாக நான் எதற்குக் காத்திருந்தேன் என்று புரிந்தது. கூட்டத்தில் எவனாவது கீழே விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே வளையம் கட்டித் தூக்கி நிறுத்துவார்கள். அங்கேயும் அப்படித்தான் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் பாதி கவலை போய்விட்டது.

மீதிப் பாதி இதுதான். இடம், பேர் வேண்டாம், ஒரு கல்லூரி விழா. முன்வரிசையில், வலது பக்க ஸ்பீக்கருக்கு ஒரு கை தூரத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். வெளியே வந்தபோது ஊரே பஞ்சுக்குள் இருந்த மாதிரி இருந்தது. மறுநாள் அது சரியாகிவிட்டது. ‘ஙொய்’ என்ற சத்தம் மட்டும் வலது காதில் தங்கிவிட்டது. அது முழுசாகப் போகவே இல்லை, பாப்பா. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. உனக்கு இத்தனை நாள் சொன்னதில்லை.

போன வருடம் காது பரிசோதனை செய்தேன். தாளில் கோடு ஓரளவு நேராகப் போய், 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தத்தின் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்ட காது அங்கேதான் முதலில் அடிபடுமாம். உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர் செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. நீ போனில் ‘பாட்டு’ என்று சொல்கிறாயா ‘காட்டு’ என்று சொல்கிறாயா என்று நான் ரெண்டாம் தடவை கேட்பது அதனால்தான். சிக்னல் சரியில்லை என்று இவ்வளவு நாள் பொய் சொன்னேன்.

கணக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சத்தத்தின் அளவு 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் ஷோவில் 100 சாதாரணம், நீயோ ஒரு பாண்டுக்கே முக்கால் மணி நேரம் நிற்கிறாய். இங்கேயாவது 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்து மணிக்கு வெளி மைக்கை அணைத்துவிடுவார்கள். அங்கே மூன்றாவது பாண்டு மேடை ஏறுவதே பத்து மணிக்கு மேல்தான் என்கிறாய்.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் ஞாபகம் இருக்கிறதா? கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாண்டின் முதல் மேடை. அயோத்திதாசர் சொன்ன சாதிபேதமற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். பறையும் கிடாரும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில். சாதியைப் பற்றி அவ்வளவு நேராக, அவ்வளவு கோபமாக, ஆடிக்கொண்டே பாடினார்கள். உனக்கு அப்போது பதினேழு. நீ என் கையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினாய், நான் தடுக்கவில்லை. நான் பத்தொன்பது வயதில் தேடியது என் ஊர்ப் பேச்சில், என் மகளோடு நிற்கும்போது கிடைத்தது. அன்றைக்கு உன் காதில் நான் வைத்தது வெறும் பஞ்சு. அது பெரிதாக எதையும் தடுக்காது என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இனிமேல் செய்ய வேண்டியதைக் கேள். உன் பெரியம்மா பையன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவனிடம் ரெண்டு ஜோடி காதடைப்பான் கொடுத்துவிடுகிறேன். ஒன்று இசைக்காரர்கள் போடுகிற ஃபில்டர் வைத்தது. சத்தத்தை 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கும், பாட்டு அடைத்த மாதிரி கேட்காது, பேஸும் வரியும் தனித்தனியாகத் தெரியும். இன்னொன்று சாதாரண ஃபோம், சட்டைப் பையில் போட்டு வை. அதை விரலால் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, உப்பும்வரை விரலால் அழுத்திக்கொண்டிரு. பாதி வெளியே தொங்கினால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அவன் வரும்வரை அங்கேயே கடையில் வாங்கிக்கொள். நடுவில் பத்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வா. ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம், சவுண்ட் பார்க்கிறவர் பக்கத்தில் போய் நில். பாட்டு நன்றாகக் கேட்பதும் அங்கேதான்.

டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை என்றால் கேள். அதற்கு மட்டும் கூச்சப்படாதே.

அந்த ரெண்டாவது பாண்டில் பேஸ் வாசித்த பெண் பிரமாதம். வீடியோவில் அவர்கள் பேரை நீ சொல்கிறாய், மூன்று தடவை போட்டுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா