மலாய் இலக்கணம்: பயிற்சிநூல் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள், சென்ற மாதம் ஒரு மாலை, ‘மெஞாப்பு’ என்னும் சொல்லை மலாய் அகராதியில் தேடிக் களைத்துப்போய் என்னிடம் வந்தாள். பெருக்குதல் என்னும் பொருளுடைய அச்சொல்லை அதன் வேர்ச்சொல்லாகிய ‘சாப்பு’ என்பதன் கீழ்தான் பார்க்க வேண்டும் என்று எடுத்துக் காட்டினேன். “சகரம் ஏன் ஞகரமாக மாறியது, அப்பா?” என்று அவள் திருப்பிக் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. வீட்டிலிருந்த மூன்று பயிற்சிநூல்களைப் புரட்டினோம். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னவை, காரணத்தை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

காரணம் மிக எளியது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ‘மெ’ என்னும் முன்னொட்டு க, ச, த, ப ஒலிகளில் தொடங்கும் வேர்ச்சொல்லோடு சேரும்போது அந்த வல்லின ஒலி மறைந்து, அதன் இன மெல்லினம் வந்து அமர்கிறது: கீரா மெஙீரா ஆகிறது, சாப்பு மெஞாப்பு ஆகிறது, துலிஸ் மெனூலிஸ் ஆகிறது, புக்குல் மெமுக்குல் ஆகிறது. க-ங, ச-ஞ, த-ந, ப-ம என்று இந்த இணைகளை முதலாம் ஆண்டிலேயே நெடுங்கணக்காக மனப்பாடம் செய்துவிட்ட தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். (தமிழில் ‘அங்ஙனம்’ போன்ற ஒருசில சொற்களில் மட்டும் தலைகாட்டும் ஙகரத்துக்கு மலாயில் ஓய்வே இல்லை.) விலக்குகளும் சுவையானவை. ‘காஜி’ என்னும் வேரிலிருந்து வரும் ‘மெஙாஜி’ திருக்குர்ஆன் ஓதுவதைக் குறிக்க, ககரத்தை விடாமல் வைத்துக்கொண்ட ‘மெங்காஜி’ ஆராய்வதைக் குறிக்கிறது. அவ்வாறே, கேட்பவரையும் உளப்படுத்தும் ‘கீத்தா’, அவரை விலக்கும் ‘காமி’ ஆகிய இரண்டும் நம்முடைய ‘நாம்’, ‘நாங்கள்’ என்பவையே. ஆங்கிலவழி நூல்கள் பத்தி பத்தியாக விளக்கும் வேறுபாடு நமக்குத் தாய்மொழியிலேயே கிடைத்திருக்கிறது.

ஆகவே, பெற்றோர் ஒரு பயிற்சிநூலைக் குறைத்துக்கொண்டு, ஐயம் வரும்போது திறந்து பார்க்கத்தக்க இலக்கண நூல் ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மலேசிய அரசின் மொழி வளர்ச்சி நிறுவனமாகிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிட்ட ‘தாத்தாபஹாசா டேவான்’ முதலிடம் பெறத்தக்கது. நிக் சஃபியா கரிம் உள்ளிட்ட நால்வர் எழுதிய இந்நூல் 1986-இலும் 1989-இலும் இரு தொகுதிகளாக வந்து, 1993-இல் ஒரே நூலாகத் திருத்தப்பட்டு, 2008-இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. பள்ளி இலக்கணத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவதும் இதுவே. ஆனால் அதன் நடை ஆசிரியர்களுக்கு உரியது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் தனியே கொடுத்துவிட முடியாது, பெற்றோர் உடனமர்ந்து படிக்க வேண்டும்.

பழைய நூல்களை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1913-இல் வெளிவந்த, ஆங்கிலேய அறிஞர் வின்ஸ்டெட்டின் மலாய் இலக்கணம் ஆய்வாளருக்குப் பயன்படலாமே தவிர, 1972-இல் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தப்பட்ட பின் பிறந்த பிள்ளைக்கு அதன் எழுத்துமுறையே குழப்பத்தைத் தரும். மொழியியலாளர் ஸ்னெடன் 1996-இல் ஆங்கிலத்தில் எழுதிய இந்தோனேசிய மொழி இலக்கணம் மிகத் தெளிவானது. சொல்லாக்க விதிகளில் பெரும்பாலானவை மலாய்க்கும் பொருந்தும். எனினும் அங்கே ‘முடியும்’ என்று பொருள்படும் ‘பீசா’ இங்கே நஞ்சைக் குறிக்கும் என்பதை மறந்து எடுத்தாண்டால் விடைத்தாளில் மதிப்பெண் போய்விடும்.

மலாய் இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டுத் தமிழிலேயே விளக்கும் நூல் எதுவும் நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை. அத்தகைய நூல் கிடைக்கும்வரை, தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வாரம் ஒரு விதியை, முன்னொட்டுகளில் தொடங்கி, இரு மொழிகளும் நன்கறிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘மெ’ ஒன்றே நான்கு வாரங்களுக்குத் தாங்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
கிள்ளான்.