மூடியும் தாம்சனும்

ஐயா, அமெரிக்கக் கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் மோசஸ் மூடியை, முன்பு அவருடன் ஆடிய கிளே தாம்சனோடு ஒப்பிட்டு, ‘இவர் அவரை எட்டுவது கடினம்’ என்று முடித்திருந்த உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஒரே கால்பகுதியில் 37 புள்ளிகள், ஒரே ஆட்டத்தில் 14 மூன்று புள்ளிக் கூடைகள் என்று தாம்சன் குவித்தவை அசாதாரணமானவை; மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த இடத்தைக் கட்டுரை கணக்கில் கொள்ளவில்லை. 2012 மார்ச்சில் அதுவரை அந்த இடத்தில் ஆடிய மோன்டா எல்லிஸை மில்வாக்கி அணிக்கு அனுப்பி, முதல் பருவத்திலேயே தாம்சனுக்குத் தொடக்க ஐவரில் இடம் கொடுத்தது நிர்வாகம். அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் 2021-இல் 14-ஆவது தேர்வாக வந்த மூடியோ, முதல் சில பருவங்களில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அவர் காத்திருந்த இடமே தாம்சனுடையது என்பது வேறு விஷயம்!

பள்ளி அணிக்குப் பயிற்சி அளிப்பவன் நான். இரண்டு எறிகள் தவறினால் வெளியே அழைக்கப்படுவோம் என்று தெரிந்த பையன், பந்து கைக்கு வந்ததும் கூடையைப் பார்ப்பதில்லை; பயிற்றுநரின் முகத்தைத்தான் பார்க்கிறான். அவனது எறியும் முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. எனவே இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது, இருவரும் அதே வயதில் களத்தில் நின்ற நிமிடங்களையும் எறிந்த எறிகளையும் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்திலாவது தாருங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி