தபலாவில் ‘நா’ அடைக்கிறதா? புடியை மாற்றும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

“தபலா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ‘நா’ கணீரென்று வரவில்லை, புடியை மாற்றிக் கொடுங்கள்” என்று பலர் வருகிறீர்கள். ‘நா’ என்பது வலக்கைத் தபலாவின் ஓரத்தில் ஆள்காட்டி விரலால் எழுப்பும் சொல்; புடி என்பது நாம் வாசிக்கும் தோல்முகம். பெரும்பாலும் புடியில் குறை ஏதும் இருப்பதில்லை. புதுத் தோல் வாசிக்க வாசிக்க நெகிழும், சுருதி இறங்கும். மழைக்காலத்தில் இன்னும் இறங்கும்.

முதலில் அளவு. வாய் 5.5 அங்குலம் உள்ள தாயான் (வலக்கைத் தபலா) ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு (C#) நன்றாக நிற்கும். அதையே மூன்று கட்டைக்கு முறுக்கினால் தோல் கிழியும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் நாதம் செத்துவிடும். வேறு சுருதிக்கு வாசிக்க வேண்டுமென்றால் இன்னொரு தாயான்தான் வழி.

சுருதி சேர்க்கத் தம்பூராவை ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றி நாலு இடங்களில் ‘நா’ வாசித்துப் பாருங்கள். கை அதே இடத்தில் இருக்கட்டும், தாயானைத் திருப்புங்கள். இறங்கியிருக்கும் இடத்தில் கஜ்ரா என்கிற தோல் பின்னலை மேலிருந்து சுத்தியால் லேசாகத் தட்டினால் ஏறும். அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஓரிடத்தில் தட்டியதும் நேர் எதிர்ப்பக்கம் போங்கள், கார் சக்கரத்து நட்டை முடுக்குவதுபோல. வரிசையாகச் சுற்றி வந்தால், கடைசி இடத்தைச் சேர்ப்பதற்குள் முதல் இடம் கலைந்திருக்கும். சுத்தி தோலில் படவே கூடாது. நாலும் சேர்ந்தபின் இடைப்பட்டவற்றைப் பாருங்கள். மொத்தம் 16 இடங்கள். எல்லா இடத்திலும் ஒன்றுபோல அரைக் கட்டை இறங்கியிருந்தால் மட்டும், வார்களுக்கு அடியில் உள்ள 8 மர உருளைகளைக் கீழே தட்டி இறக்குங்கள்.

சுருதி சேர்ந்தும் ‘நா’ அடைத்தால் கோளாறு விரலில். மோதிர விரல், தோலின் நடுவில் உள்ள கறுப்புப் பூச்சான கரணையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஓரத்தோலில் பட்ட நொடியே எழ வேண்டும். மோதிர விரல் தூக்கிக்கொண்டால் ‘தூ’ என்கிற திறந்த சொல்லின் தொனி கலக்கும், அழுத்தினால் நாதம் அடைபடும். ஆரம்பத்தில் முக்கால்வாசிப் பேர் அழுத்தத்தான் செய்கிறார்கள். இந்தக் கை படியாமல் தீன்தால் என்கிற தாளத்துக்குப் போனால் ‘தா’, ‘தின்’ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

மிருதங்கம் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று: தொப்பியில் ரவை அப்புவதுபோல பாயானில் (இடக்கைத் தபலாவில்) அப்பிவிடாதீர்கள். அதில் நிரந்தரமான கரணை ஏற்கெனவே இருக்கிறது. ஈரம் பட்டால் அது பெயர்ந்துவிடும். நடுவில் இல்லாமல் தள்ளியிருப்பதும் பிழையில்லை. அகலமாக விட்டிருக்கும் பக்கம் மணிக்கட்டு ஊன்றுவதற்கு. ‘கெ’ வாசித்து மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால்தான் அந்தக் குழைவு கிடைக்கும்.

மத்தியில் பூசிய இந்தக் கரணைதான் தோலின் மேல்சுரங்களை ஒன்றோடொன்று இசைய வைக்கிறது என்பதை 1920-லேயே சி.வி. ராமன் எழுதியிருக்கிறார். ஆகவே அதை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பவுடரும் விரலுக்குக் கொஞ்சம் போதும், தோலில் கொட்ட வேண்டாம். கரணையில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். கல்லால் தேய்க்கும்போதே வருபவை அவை, நாதத்துக்கு அவை வேண்டும்.

கரணையில் துண்டு பெயர்ந்து ‘ஜிர்’ரென்று இரைந்தாலோ, ஓரத்தோலில் கீறல் விழுந்தாலோ புடியை மாற்றத்தான் வேண்டும். அப்போது எந்தக் கட்டைக்கு வாசிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கேற்ற கனத்தில் புடி எடுத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
கடையினர்