டின்னில் விடுபட்ட கடவுள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு டாலஸில் வேலை அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பெப்சியின் புதிய டின்னில் அமெரிக்கக் கொடி உறுதிமொழியை அச்சிட்டு, அதில் கடவுளை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று அவள் உனக்கு அனுப்பிய ‘பெப்சியைப் புறக்கணியுங்கள்’ செய்தி இருக்கிறதே, அது இருபது வருஷத்துக்கும் மேல் ஊறிய பழைய சரக்கு.

பெப்சி அப்படி ஒரு டின்னே போட்டதில்லை. போட்டது டாக்டர் பெப்பர் என்ற வேறொரு குளிர்பானம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, நவம்பரில் தொடங்கி சில மாதம் மட்டும், சுதந்திர தேவி சிலை படத்தோடு விற்றார்கள். அதில் கொடி உறுதிமொழியிலிருந்து மூன்றே சொற்கள்: ‘ஒன் நேஷன்... இண்டிவிசிபிள்’ (ஒரே தேசம்... பிரிக்க முடியாதது). நடுவில் வரவேண்டிய ‘அண்டர் காட்’ (கடவுளின் கீழ்) எங்கே என்றுதான் ரகளை. 31 சொல்லில் மூன்றைத்தான் எடுத்தோம், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விட்டிருக்கிறோம் என்றது கம்பெனி. கணக்கு சரிதான், ஆனால் எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. கடைசி வரியை விட்டால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் காலை தவறாமல் சொல்லிப் பழகிய வாய், நடுவில் இரண்டு சொல் இல்லையென்றால் தடுக்கத்தான் செய்யும். டிசைன் போட்டவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், பிரான்சிஸ் பெல்லமி 1892இல் எழுதிய மூலத்தில் அந்த இரண்டு சொல்லும் கிடையாது. 1954இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவை அவை.

பழி பெப்சி தலையில் எப்படி விழுந்தது? பல ஊர்களில் டாக்டர் பெப்பரை நிரப்பி விநியோகிப்பது பெப்சி பாட்டிலர்கள்தான். அதனால் வந்த குழப்பமோ, பெயர் ஒலியோ. இது என் ஊகம். செய்தியில் தேதி இருக்காது, ‘புதிய டின்’ என்று மட்டும் இருக்கும். அதனால்தான் அது சாகவே மாட்டேன் என்கிறது. பாப்பாவிடம் சொல்: டின்னைக் கையில் வைத்திருப்பவர் யார், பக்கவாட்டில் எந்தக் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கிறது, எந்த வருஷம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் யாருக்கும் தள்ளிவிட வேண்டாம்.

ஒரு டாலர் காசிலிருந்தும் கடவுளை எடுத்துவிட்டார்களாமே என்று நீ கேட்ட விஷயம் வேறு. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2007இல் வந்த ஜனாதிபதி வரிசைக் காசில் ‘இன் காட் வி டிரஸ்ட்’ (கடவுளை நம்புகிறோம்) என்ற வாசகம் முகப்பில் இல்லை, விளிம்பில் இருந்தது. முகம் ஒரு இயந்திரத்தில், விளிம்பு எழுத்து இன்னொன்றில். அந்த வரிசையில் ஜார்ஜ் வாஷிங்டன் படம் போட்ட காசுகளில் ஒரு பகுதி இரண்டாவது இயந்திரத்துக்குப் போகாமலே வெளியே வந்துவிட்டது. கடவுளை வேண்டுமென்றே எடுத்தார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது, ஏனென்றால் அதே விளிம்பில் இருக்கவேண்டிய வருஷமும் நாணயச்சாலைக் குறியும்கூட அந்தக் காசுகளில் இல்லை. பிறகு சட்டம் போட்டு, 2009 முதல் வாசகத்தை முகப்புக்கே கொண்டுவந்தார்கள்.

உன்னிடம் இருப்பதில் எழுத்து தலைகீழாக இருந்தால் அது பிழையில்லை. எந்தப் பக்கமும் வரும். விளிம்பு மொழுக்கென்று இருந்தால், எழுத்து விடுபட்ட அரிய காசு என்று உடனே விலை பேசாதே. நல்ல காசின் எழுத்தை அரத்தால் ராவி விற்றவர்களும் உண்டு. எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மில்லிமீட்டர். ராவியதென்றால் இரண்டும் குறையும். நகைக்கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராகவன்