ஒரே ஒரு இரவில் புதைந்துபோன பாட்டு

அன்புள்ள ரவி,

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது, "டியோ போனதோட ரெயின்போ கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் வந்தது யாரோ ஒரு பாப் பாடகன்" என்றாய். அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். டியோ விலகியபின் ரெயின்போ என்ற பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழுவுக்குப் பாட வந்த அந்த 'யாரோ' கிரஹாம் பானெட். அவர் பாடிய ஒரு பாட்டை உன் காதில் சேர்த்துவிட வேண்டும்: கிட்டார்காரர் மைக்கேல் ஷெங்கரின் குழுவான 'மைக்கேல் ஷெங்கர் குரூப்'பின் 'டெசர்ட் சாங்'.

பாப் பாடகர் என்று நீ சொன்னதில் தப்பில்லை. 1947இல் இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில், ஸ்கெக்னெஸ்ஸில் பிறந்தவர். உறவுக்காரர் ட்ரெவர் கார்டனோடு சேர்ந்து 'தி மார்பிள்ஸ்' என்ற பெயரில் 1968இல் 'ஒன்லி ஒன் உமன்' பாடினார். பீ ஜீஸ் என்ற பாப் குழுவின் சகோதரர்கள் எழுதிக்கொடுத்த பாட்டு. பிரிட்டனில் 5ஆம் இடம் வரை போனது. இருபது வயதுப் பையன், மென்மையான காதல் பாட்டில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு நிற்பான். அந்தக் குரலுக்கு ஹார்ட் ராக் பத்து வருஷமாகக் காத்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

டியோவின் இடத்துக்கு ஆள் தேடிய ரெயின்போவின் தலைவரும் கிட்டார்காரருமான ரிச்சி பிளாக்மோர் முன்னால் பானெட் பாடிக்காட்டியது 'மிஸ்ட்ரீட்டட்' என்ற பாட்டு. இடம் கிடைத்தது. 1979இல் 'டவுன் டு எர்த்' ஆல்பம் வந்தது. ஒட்ட வெட்டிய முடி, கறுப்புக் கண்ணாடி, கோட்டு என்று மேடை ஏறுவார். நீளமுடி ரசிகர்களுக்கு அது ஒட்டவில்லை, பிளாக்மோருக்கும்தான். 1980 ஆகஸ்ட் 16 அன்று டானிங்டனில் நடந்த முதல் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' விழாவோடு அந்த அத்தியாயம் ஏறக்குறைய முடிந்தது. தோற்றத்தை வைத்தே அவரை எடைபோட்டார்கள் ரவி, இன்றைக்கும் அப்படித்தான்.

ஷெங்கரின் 'அசால்ட் அட்டாக்' ஆல்பத்துக்குப் பானெட் வந்தது 1982இல். பிரான்ஸில், பாரிஸுக்கு அருகே ஹெரூவில் மாளிகையில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளர் மார்ட்டின் பர்ச். அதே வருஷம் அயர்ன் மெய்டன் குழுவின் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஆல்பத்தைச் செய்தவர். ட்ரம்ஸில் டெட் மெக்கென்னா, பேஸில் கிறிஸ் க்ளென்.

'டெசர்ட் சாங்' வேகமான பாட்டில்லை. சுடுமணலில் கால் புதையப் புதைய நடப்பது போல, கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் கனத்த ரிஃப், அதற்குமேல் பானெட். இவரிடம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ராக் பாடகர்கள் பலர் குரலை மெலிதாக்கிப் பொய்க்குரலுக்குள் நழுவிவிடுவார்கள். பானெட் நழுவுவதில்லை. கீழே எந்தக் கனத்தோடு பாடினாரோ, அதே கனத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போவார். மேடையில் பார்த்தால் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். தாகத்தில் வறண்டவன் கத்துகிற மாதிரி, பாட்டுக்கு என்ன வேண்டுமோ அது அந்தச் சாரீரத்திலேயே இருக்கிறது. பிறகு ஷெங்கரின் கிட்டார் சோலோ வருகிறது. வேகத்தைக் காட்டாமல், அந்தக் குரல் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடுகிற சோலோ அது.

இவ்வளவு நல்ல பாட்டு ஏன் உன்னை வந்து சேரவில்லை? ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, ஆகஸ்டில், ஷெஃபீல்டில் ஒரு கச்சேரி. பானெட் நல்ல போதையில் மேடையில் நின்றார். கால்சட்டை திறந்துகொண்டு, தெரியக்கூடாதது எல்லார் முன்னாலும் தெரிந்துவிட்டது. பாதியிலேயே இறங்கினார், குழுவிலிருந்தும் வெளியேறினார். அந்தக் குழுவோடு அவர் பாடிய ஒரே கச்சேரி அதுதான். பிறகு பேட்டிகளில் அவரே இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சில நாளில் ரெடிங் ராக் விழா. பழைய பாடகர் கேரி பார்டனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆல்பம் வந்தபோது அதில் பாடியவர் குழுவில் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பாட ஆளில்லாத பாட்டு எப்படிப் பரவும்? பார்டன் நல்ல பாடகர்தான், ஆனால் இது அவருடைய தொண்டைக்குத் தைத்த சட்டையில்லை. அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதன்பின் அல்காட்ராஸ் குழுவைத் தொடங்கினார். முதல் ஆல்பத்தில் இங்வே மாம்ஸ்டீன், அடுத்ததில் ஸ்டீவ் வாய் என்று இரண்டு பெரிய கிட்டார்காரர்களை முன்னே நிறுத்தினார். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

2016இல் டோக்கியோவில் ஷெங்கர் தன் பழைய பாடகர்கள் மூவரை ஒரே மேடைக்கு அழைத்தார்: பார்டன், பானெட், ராபின் மெக்காலி. பானெட்டுக்கு அப்போது 68 வயது. குரலில் கரகரப்பு ஏறியிருக்கிறது, சில இடங்களில் மூச்சு முட்டுகிறது. ஆனாலும் பொய்க்குரலுக்குள் ஒளியவில்லை. 34 வருஷம் கழித்து அந்தப் பாட்டு அதன் சொந்தக்காரர் வாயிலிருந்து வருவதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முதலில் 1982 ஒலிப்பதிவைக் கேள், ஹெட்போன் போட்டுக்கொண்டு. டோக்கியோவை அதற்கப்புறம் பார். வரிசையை மாற்றிவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்