கெடிலம் பாலத்தில் ஆட்டோ தள்ளியவன் எழுதும் மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போன வியாழக்கிழமை கடலூரில் நீங்கள் நடத்திய ஹைட்ரஜன் கார் விழிப்புணர்வுக் கூட்டத்தில், பின்வரிசையை நிரப்பிய மின்சார ஆட்டோக்காரர்களில் நானும் ஒருவன். உங்கள் பதவியையும் அலுவலகத்தையும் இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். எதற்கு என்பதும் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிற சார்ஜிங் பெட்டியைச் சரிசெய்து கொடுங்கள் என்று மூன்று மனு கொடுத்திருக்கிறேன். இது நான்காவது. ஊர் பார்க்க எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதலில் கூட்டத்தைப் பற்றி. நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன், அதனால் ஆர்வமாகத்தான் கேட்டேன். மேடையில் ஒருவர் அதைத் "தண்ணீரில் ஓடும் கார்" என்றார். பக்கத்தில் இருந்த நண்பன் அதை நம்பி, "குடத்தோடு கிளம்ப வேண்டியதுதான்" என்றான். ஐயா, அது தண்ணீரில் ஓடுகிற கார் இல்லை. தண்ணீரைக் கழிக்கிற கார். டாங்கில் இருப்பது ஹைட்ரஜன் வாயு. அது எரிபொருள் கலத்துக்குள் போனதும் பிளாட்டினம் பூச்சு அதை எலக்ட்ரானாகவும் புரோட்டானாகவும் பிரிக்கிறது. நடுவில் இருக்கிற மெல்லிய சவ்வு புரோட்டானை மட்டும் விடும். எலக்ட்ரான் வெளியே சுற்றித்தான் வர வேண்டும். அந்தச் சுற்றுதான் கரண்ட், அதில்தான் மோட்டார் ஓடுகிறது. மறுபக்கம் காற்றிலிருந்து வரும் ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகப் பின்னால் சொட்டுகிறது. ஆக, அதுவும் என் ஆட்டோ மாதிரி மின்சார வண்டிதான். என்னுடையது கரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அது போகிற வழியிலேயே சமைத்துக்கொள்கிறது.

அந்த டாங்க்தான் எனக்குப் பிரமிப்பு. ஆட்டோ டயருக்குப் பஞ்சர் கடையில் 30 பவுண்டு காற்று வைப்போம். டொயோட்டா மிராய் என்கிற ஹைட்ரஜன் கார் டாங்கில் அந்த அழுத்தம் 10,000 பவுண்டு, அதாவது 700 பார். கார்பன் இழை சுற்றிய மூன்று டாங்கிலும் சேர்த்து 5.6 கிலோதான் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம், கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போகலாம். 2022 மார்ச் 30 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அந்தக் காரில்தான் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தப் படத்தையும் காட்டினீர்கள். சரி.

காட்டாத கணக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். அப்புறம் அதை அழுத்த வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். இவ்வளவும் செய்து கிடைப்பது 100 கிலோமீட்டர். அதே 50 யூனிட்டை ஒரு பேட்டரி காருக்குக் கொடுத்தால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போகும். என் ஆட்டோவுக்கு 100 கிலோமீட்டருக்கு 8 யூனிட் போதும். உலகத்தில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை. என் வண்டிக்கு வருவதும் நெய்வேலி அனல் கரண்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நான் ஒரு மூட்டை பழுப்பு நிலக்கரியில் போகிற தூரத்துக்கு அந்தக் காருக்கு மூன்று மூட்டையாவது வேண்டும்.

ஹைட்ரஜனே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? உர ஆலைக்கும் இரும்பு ஆலைக்கும் அது தேவை. கப்பலுக்கும், இடைவிடாமல் ஓடுகிற கனரக லாரிக்கும் பேட்டரியின் எடை ஒரு பெரிய சிக்கல். 2023இல் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது இதற்கெல்லாம் உதவும் என்றால் சந்தோஷம். ஆனால் ஓ.டி.யிலிருந்து, அதாவது கடலூர் பழைய நகரத்திலிருந்து, ஊருக்குள்ளேயே இருக்கிற மஞ்சக்குப்பம் போகிறவருக்கு எதற்கு ஹைட்ரஜன்? நம் ஊரில் ஒரு ஹைட்ரஜன் பங்க் கிடையாது. பெட்ரோல் கொஞ்சம் மலிவு என்று புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு வண்டியை விடுகிற ஊர் இது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். காலையில் அந்தச் சார்ஜிங் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாடா, சரியாகிவிட்டது என்று நம்பி, மதியம் சார்ஜுக்கு வீட்டுக்குப் போகாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் ஓர் அம்மாவும் மகளும் ஏறினார்கள். டயாலிசிஸ் முடித்து ஓ.டி.க்குத் திரும்புகிறார்கள். நல்ல மழை. கெடிலம் ஆற்றுப் பாலம் ஏறும்போது சார்ஜ் 4 சதவீதம். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்து, நடுப்பாலத்தில் நின்றே விட்டது. பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது. நான் இறங்கித் தள்ளினேன். அந்தப் பெண்ணும் குடையை மடக்கி உள்ளே போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து தள்ளியது. உள்ளே இருந்த அம்மா, எழுந்து நிற்கவே தெம்பில்லாதவர், "நான் வேணா இறங்கி நடக்கட்டுமா தம்பி, பாரம் குறையுமே" என்றார்.

எப்படியோ பெட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். விளக்கு அணைந்திருந்தது. அன்று யாரோ ஆய்வுக்கு வந்தார்களாம், அதற்காகக் காலையில் மட்டும் போட்டிருந்தார்களாம். டீக்கடைக்காரர் சொன்னார். பெட்டியில் எழுதியிருந்த புகார் எண்ணை அழைத்தேன். "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று மூன்று மொழியில் மரியாதையாகச் சொன்னார்கள். அம்மாவையும் பெண்ணையும் ஒரு பெட்ரோல் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, காசு வாங்காமல் அனுப்பினேன். என் வண்டியை இன்னொரு ஆட்டோக்காரன் பின்னாலிருந்து காலை வைத்துத் தள்ளியே ஓ.டி. கொண்டு வந்து சேர்த்தான். அவன் வண்டி டீசல்.

பெட்டி ஓடாததால் தினமும் எனக்கு நான்கு மணி நேரம் போகிறது. மதியம் வீட்டுக்குப் போய் பிளக்கில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால், பள்ளிக்கூடம் விடுகிற சவாரி போச்சு. தவணைக்காரர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மின்சார வண்டி வாங்கு, மானியம் உண்டு, ஊர் சுத்தமாகும் என்று சொல்லித்தானே வாங்க வைத்தீர்கள்? அந்தச் சுத்தமான எதிர்காலத்தை நடுப்பாலத்தில் தள்ளிப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். வியாழக்கிழமை மேடைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் ஓடிய டீசல் ஜெனரேட்டரின் பில்லில் இந்தப் பெட்டியை ரிப்பேர் செய்திருக்கலாமோ என்னவோ. கூட்டத்தில் கொடுத்த அந்த லட்டையாவது...

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். லட்டு நன்றாகத்தான் இருந்தது.

கேட்பது ஒன்றுதான். அந்தச் சார்ஜிங் பெட்டியைச் சரிசெய்து, ஆய்வு இல்லாத நாளிலும் ஓட விடுங்கள். புகார் எண்ணை எடுக்க ஓர் ஆளைப் போடுங்கள். ஹைட்ரஜன் கார் வருகிறபோது வரட்டும், அதன் எரிபொருள் கலத்தைக் கழற்றிப் பார்க்க முதல் ஆளாக நான் வருவேன். தயவுசெய்து அதுவரைக்கும் இருக்கிற பிளக்கில் கரண்ட் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓ.டி. ஸ்டாண்டு மின்சார ஆட்டோக்காரன்

பின்குறிப்பு: பெட்டியின் சாவி எங்கே என்று போன தடவை உங்கள் ஆள் தேடிவிட்டுத் திரும்பிப் போனார். அது பக்கத்து டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது.