அந்த 10.42 எந்தக் கடிகாரத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருத் தமிழ்ப் பையன் ஒருவன் கல்லூரிப் போட்டியில் 100 மீட்டரை 10.42 விநாடியில் ஓடினான், தேசிய சாதனைக்கு 'நூலிழை தூரம்தான்' என்று ஞாயிறு இதழில் போட்டிருந்தீர்கள். கூடவே வந்த படத்தில், முடிவுக்கோட்டருகே மூன்று பேர் ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்கிறார்கள். முடிவுக்கோட்டைப் படமெடுத்து மின்னணு முறையில் நேரம் கணக்கிடும் ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா கண்ணில் படவில்லை.

கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்குவரை எழுதக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததா? 10.42 காட்டினால் மேலே ஏற்றி 10.5 என்றுதான் எழுத வேண்டும். மூன்று கடிகாரம் மூன்று விதமாகக் காட்டினால் நடு நேரமே கணக்கு. துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சற்றுத் தாமதமாகிவிடும். முடிவில் ஓடி வருகிறவனைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடுவதால் அந்தத் தாமதம் இல்லை. அதனால்தான் 100, 200 மீட்டருக்கு 0.24 கூட்டி மின்னணு நேரத்தோடு ஒப்பிடுகிறோம். ஆக, 10.74. புகையைப் பார்க்காமல் சத்தத்துக்கு அழுத்தியிருந்தால் கதையே வேறு. சத்தம் நூறு மீட்டர் வந்துசேரவே ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும்.

அனிமேஷ் குஜூர் 2025இல் தேசிய சாதனையாக ஓடியது 10.18. அவர் கோட்டைத் தாண்டும்போது 10.74 ஓடுகிறவன் ஐந்து மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பான். பெரிய நூல்தான் உங்களுடையது.

இது முதல் தடவையும் அல்ல. 'காற்றைக் கிழித்தான்' என்று எழுதாத செய்தி உங்களிடம் உண்டா? அந்தக் காற்று நெஞ்சில் அடித்ததா, முதுகில் தள்ளியதா என்பதை மட்டும் எழுத மாட்டீர்கள். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக்குச் செல்லாது. காற்றுமானி இல்லாத மைதானத்தில் சாதனைப் பேச்சே எடுக்கக் கூடாது.

போன வருடம் பின்தொடைத் தசை கிழிந்த பெண் 'பத்தே நாளில் களம் திரும்பினார்' என்று புளகாங்கிதப்பட்டீர்கள். வலி முதலில் போய்விடும், பலம் பின்னால்தான் வரும். மெதுவோட்டம், முக்கால் வேகம், பிறகே முழு வேகம். இரண்டு கால்களின் பலமும் ஏறக்குறைய சமம் என்று சோதித்த பிறகே ஸ்டார்ட்டிங் பிளாக். அவசரப்பட்டால் அதே தசை மறுபடி கிழியும். ஓட்டக்காரர்கள் பலரின் காலம் முடிவது அங்கேதான். அதற்குப் பாராட்டு வேறு!

1984 லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்ததை ஒலிம்பிக் வந்தாலே கண்ணீரோடு நினைவுகூரும் பத்திரிகை, கால் விநாடியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது.

நேரம் எடுக்கும் நடுவர்களுக்கு இதன் பலன் அலுத்துப்போன காட்சி. பையன்கள் இந்தச் செய்தியை வெட்டி ஃபைலில் வைத்துக்கொண்டு தேசியப் போட்டிக்கு வருகிறார்கள். மின்னணுக் கடிகாரம் 10.8 காட்டியதும் முதலில் ஷூவை மாற்றுகிறார்கள், பிறகு பயிற்சியாளரை. சிலர் ஊக்கமருந்து ஊசிக்கும் போகிறார்கள். மணிகண்ட ஹோப்ளிதார் 2023இல் 10.23 ஓடி அப்போதைய தேசிய சாதனை செய்தது நம் கண்டீரவா மைதானத்தில்தான். அந்த எண்ணை நம்பலாம். எப்படி எடுத்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது.

மறுப்புச் செய்தி போடச் சொல்லவில்லை. இனி நேரத்துக்குப் பக்கத்தில் 'கை' அல்லது 'மின்' என்று ஒரு சொல்லும், அளந்திருந்தால் காற்றின் வேகமும் அச்சிடுங்கள். அரை வரிகூட ஆகாது.

இப்படிக்கு,
தடகள நடுவர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு